இரண்டாம் பக்கம் யாருடையது

மகன்,

எங்கள் இசைத்தட்டின் மறுவெளியீட்டுக்கு நீ அனுப்பிய உறையின் அச்சுப்படி திங்கட்கிழமை வந்தது. தொலைபேசியின் சின்னத் திரையில் பார்த்துக் கருத்துச் சொல்லும் வயது எனக்கு இல்லை. ஆகவே கொழும்பு காலி வீதியிலுள்ள கொமியூனிகேஷன் கடையில் பெரிய தாளில் அச்செடுத்து, மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது. உன் அப்பாவின் தாடி அவருக்கு இருந்ததைவிடக் கூடுதலான அறிவை அவருக்குக் கொடுக்கிறது. நான் ஓர்கனுக்குப் பின்னால் பல்வலிக்காரிபோல் நிற்கிறேன். சுனில் ஒருவர்தான் படமெடுத்தவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். குறிப்பை மூன்று முறை வாசித்தேன். எழுத்துப் பிழை இரண்டு. அவற்றைத் தனியே அனுப்புகிறேன். அவற்றைவிடப் பெரிய பிழை ஒன்று கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கிறது. ‘இசை முழுவதும்’ என்று தொடங்கி உன் அப்பாவின் பெயரோடு முடிகிற வரி. அது பொய். பழைய உறையில் இருந்ததை நீ நம்பிக்கையோடு பிரதி செய்திருக்கிறாய்; உன்மேல் குற்றமில்லை. அந்தப் பொய்யை எழுதியவள் நான். வெள்ளிக்கிழமை எல்லாம் அச்சுக்குப் போகிறது என்று சொன்னாய். இன்று புதன்.

இதை உன்னிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நீ ‘அம்மா, விடுங்கோ’ என்பாய், நானும் விட்டுவிடுவேன். நம் இருவருக்கும் அது நன்றாகப் பழகிவிட்டது. பிழையை நான் அச்சில் செய்தேன். திருத்தமும் அச்சில் வருவதுதான் முறை. அதனால் இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை இன்றே உனக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, மற்றதை ஒரு சஞ்சிகைக்குக் கொடுக்கப்போகிறேன். உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்லவேண்டி வரும். சலித்துக்கொள்ளாதே, படிக்கிற மற்றவர்களுக்கு அவை தெரியா.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஓர் இசைத்தட்டுச் செய்தோம். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பையனான உன் அப்பா கிற்றார். வெள்ளவத்தைச் சைவக் குடும்பத்துப் பெண்ணான நான் மின் ஓர்கன். பேஸ் கிற்றார் வாசிக்க ஆள் கிடைக்காததால் அந்த வேலையையும் என் இடதுகை பார்த்தது. கொலன்னாவையில் எண்ணெய் சேமிக்கும் குதங்களில் ஷிப்ட் வேலை செய்த சுனில் டிரம்ஸ். புரோகிரசிவ் ரொக் என்று அதற்குப் பெயர். பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டால் அவமானம் என்று நினைப்பவர்களின் இசை அது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த உன் அப்பா, கப்பலில் வந்த மாலுமிகளிடம் அத்தகைய தட்டுக்களை வாங்கிக் கேட்டுக் கேட்டு, தாமும் அப்படி ஒன்று செய்யாமல் சாவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார். முதல் பக்கம் முழுவதும் அவருடையது. கடலுக்கு அடியில் ஓர் அரசன் இருக்கிறான். இருபத்திரண்டு நிமிடம் துயரப்படுகிறான். அவனுக்கு என்னதான் பிரச்சினை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அதன் மூன்றாம் பகுதியில், பாட்டு நின்று கிற்றார் மட்டும் நடக்கிற இடம் ஒன்று வரும். அந்த நான்கு நிமிடத்துக்காக அவர் செய்த மற்ற அபத்தங்களை எல்லாம் மன்னித்தேன். திரைச்சீலை வெல்வெட்டில் மேலங்கி தைத்துப் போட்டுக்கொண்டு, ஏப்ரில் வெயிலில், மின்விசிறி ஓடாத பாடசாலை மண்டபத்தில் நின்று வாசித்ததையும் சேர்த்துத்தான். இடைவேளையில் அதைப் பிழிந்து காயப்போட்டோம்.

இரண்டாம் பக்கத்தின் கதை வேறு. என் சித்தப்பாவுக்கு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசியில் வீடு இருந்தது. அவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தபடியால் பின்னறையை எங்களுக்குத் திறந்து தந்திருந்தார். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை மட்டும்தான். வேலை முடிந்து ஐந்து மணிக்குக் கூடுவோம். ஐந்து நாற்பதுக்குக் கந்தோர் விட்டு வீடு திரும்பும் சனத்தை ஏற்றிக்கொண்டு கல்கிசைப் பக்கம் போகும் ரயில் வரும். சன்னல் கண்ணாடி நடுங்கும், ஒன்றும் கேட்காது. கையை எடுத்துவிட்டுக் காத்திருப்போம். உன் அப்பா சிகரெட் பற்றவைப்பார். நான் விரலை உதறுவேன். சுனில் மட்டும் நிறுத்துவதில்லை. குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, இரண்டு விரலால் முழங்காலில் எண்ணிக்கொண்டேயிருப்பார். கடைசிப் பெட்டி கடந்ததும் சக்கரம் விட்ட வேகத்திலிருந்து எடுப்பார். நாங்கள் நிறுத்திய இடத்துக்குத் திரும்புவதில்லை. ரயில் கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்து புதிதாகத் தொடங்குவார். அதன்மேல் மூக்கால் ஒரு மெட்டை முனகுவார். உன் அப்பா அதைக் கிற்றாரில் தேடிப் பிடிப்பார். நான் இடதுகையால் அடியில் ஏதாவது போடுவேன். மறுநாள் அதிலிருந்து இன்னும் கொஞ்சம் நீளும். இப்படி ஏழெட்டு மாதத்தில், ஒருவரும் ‘இயற்றுகிறேன்’ என்று உட்காராமலே, பத்தொன்பது நிமிட இசை ஒன்று உருவாகிவிட்டது. அதன் தாளம் சுனிலுடையது, மெட்டு சுனிலுடையது, எந்தப் பகுதிக்குப் பின் எது என்ற ஒழுங்கும் அவருடையது. நாங்கள் இருவரும் அவர் சொன்னதை வாசித்தோம்.

அதில் ஏழடித் தாளம் வருகிற இடம் இருக்கிறதே, சிறுவயதில் வீணை படித்த நான் அதை மூன்றும் நாலுமாக எண்ணினேன். விகாரையில் மேளம் அடித்த தாய்மாமனிடம் கற்ற சுனில் நாலும் மூன்றுமாக எண்ணினார். இருவரும் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஏழின் முடிவிலும் ஒழுங்காகச் சந்தித்தோம். இடையில் ஒருமுறையேனும் சந்திக்கவில்லை. அதைத்தான் இப்போது இணையத்தில் யாரோ ‘துணிச்சலான இரட்டைத் தாளம்’ என்று புகழ்ந்திருப்பதாக நீ வாசித்துக் காட்டினாய். பதிவு முடிந்து ஒரு கிழமைக்குப் பின் தேத்தண்ணிக் கடையில் மேசையைத் தட்டிப் பார்த்தபோதுதான் எங்களுக்கே அது தெரிந்தது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்ததும் அப்படித்தான். அங்கே ரயில் இல்லை, சன்னலும் இல்லை. ஆனால் பின்னறையில் ரயிலுக்காக நிறுத்தும் இடம் வந்ததும் மூன்று பேரும் கையை எடுத்துவிட்டோம். கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளர் நாடா அறுந்துவிட்டதென்று பயந்து, “மொக்கத வுணே? என்ன நடந்தது?” என்று அங்கிருந்தே வாயசைத்தபடி கதவுக்கு ஓடினார். சுனில் ஒரு கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மறுகை முழங்காலில் எண்ணிக்கொண்டிருந்தது. வராத ரயில் முழுவதுமாகப் போய் முடிந்தபின் எடுத்தார். அந்தப் பதினைந்து விநாடி நிசப்தம் தட்டில் அப்படியே இருக்கிறது. நீ அதைச் ‘சுத்தம்’ செய்யாமல் விட்டதற்கு நன்றி. ஆனால் அது ‘பிளவுபடப்போகும் ஒரு தேசத்தின் மௌனம்’ என்று எழுதியிருப்பதை எடுத்துவிடு. அது மருதானையிலிருந்து வந்த ரயில்.

சென்ற மாதம் நீ வந்திருந்தபோது எங்கள் இருவரையும் இந்த வீட்டின் முன்னறையில் இருத்தி, தொலைபேசியை முக்காலியில் பொருத்திப் பேட்டி எடுத்தாயல்லவா? நிசப்தத்தைப் பற்றி நீ கேட்டபோது சுனில், வழக்கம்போல் சிங்களத்தில் உன்னை மகன் என்று கூப்பிட்டு, தெளிவாகத்தான் சொன்னார்.

“அது ட்ரெயின், புத்தா.”

“ஓம் அங்கிள், ஆனா அதுக்குள்ள ஏதோ ஒண்டு இருக்குதானே?”

“ட்ரெயினுக்குள்ளயா? சனம். ஒபீஸ் சனம்.”

நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். பிறகு, “அப்ப ரெண்டாம் பக்கத்தை அப்பா எப்பிடி அங்கிள் எழுதினவர்?” என்று கேட்டாய். சுனில் என்னைப் பார்த்தார். அனுமதி கேட்கும் பார்வை அல்ல, வழிவிடுகிற பார்வை. சொல்வதானால் நீ சொல் என்பதுபோல் காத்திருந்தார். நான் என்ன செய்தேன் என்று உன் ஒளிப்பதிவில் இருக்கும். “இன்னொரு பிளேன்ரீ குடிக்கிறீங்களா, சுனில்?” என்று கேட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உன் பக்கம் திரும்பினார். “எல்லாம் தாத்தா செய்தது, புத்தா. நான் அடிச்சது மட்டும்.” சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா என்பதை நீ உன் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லி, அது ஒரு பகிடியாகி, பேச்சு வேறெங்கோ போய்விட்டது. எண்பது வயது மனிதர் ஒருவர் என் முன்னறையில், எனக்காக, தன் வாழ்நாளின் ஒரே படைப்பைக் கைகழுவியதை நான் தேத்தண்ணிக் கேத்தலோடு நின்று பார்த்தேன்.

இனி உறைக்கு வருகிறேன். பேரங்காடிச் சிற்றுண்டிச்சாலைகள் வருமுன் காலி வீதியில் ஒரு சைவக் கடை இருந்தது. அங்கே தோசைக்குக் காத்திருக்கையில் உன் அப்பா தன் சிகரெட் பெட்டியைக் கிழித்து, அதன் உட்பக்கத்தில் எழுதினார். பக்கம் ஒன்று, தன் பெயர். பக்கம் இரண்டு, சுனில். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் துண்டைத் தட்டச்சுச் செய்யும்படி என்னிடம் தந்தார். நான் அப்போது ஒரு திணைக்களத்தில் மொழிபெயர்ப்பாளர். பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்து, மூன்று மொழியிலும் சுற்றறிக்கை எழுதிச் சம்பளம் வாங்குபவள்.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவின் தகப்பனார், பின்னாளில் எனக்கு மாமனார், என்னைக் கொட்டாஞ்சேனைக்கு வரவழைத்திருந்தார். சைவப் பெண் என்பது அவருக்கு ஒரு குறை. மகனுக்கு இசைப் பைத்தியம் என்பது அதைவிடப் பெரிய குறை. துறைமுக வேலையை உன் அப்பா விட்டுவிடப்போகிறார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே கேட்டார்:

“பிள்ளை, இந்தத் தட்டு ஆர் செய்தது?”

“மூண்டு பேரும் சேந்து செய்தது, மாமா.”

“அப்ப அதில என்ட மகன் மூண்டில ஒரு பங்கு. படிப்பிலயும் அவன் முக்கால்வாசி. வேலையிலயும் அரைவாசி. முழுசா ஒண்டாவது செய்திருக்கிறானோ? காட்டுங்கோ, நான் கலியாணத்துக்கு ஓமெண்டு சொல்றன்.”

அவர் விளையாட்டாகச் சொன்னாரா, வினையாகச் சொன்னாரா என்பதை நான் ஆராயவில்லை. செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் திணைக்களத்துத் தட்டச்சு இயந்திரத்தில், சிகரெட் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘இசை முழுவதும்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, உன் அப்பாவின் பெயரை அதன் பின்னால் போட்டேன். ‘டிரம்ஸ்: சுனில்’ என்று கீழே தனியாக ஒரு வரி. அட்டையைக் கிழித்துக் கூடையில் போட்டேன். புறக்கோட்டையிலிருந்த அச்சகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தயங்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தயங்கவில்லை.

உறைகள் ஒட்டி முடிந்து வந்தபிறகுதான் உன் அப்பா பார்த்தார். அன்று மாலை பஸ் தரிப்பிடத்தில் என்னைப் பிடித்தார்.

“இதென்ன இது?”

“டைப்பிங்ல பிழைச்சுப் போச்சு.”

“ஒரு மனுசன் முழுசாப் பிழைச்சுப் போவானா?”

அதற்குமேல் கேட்கவில்லை, என் முகத்தில் பதில் இருந்திருக்கும். அங்கிருந்தே பஸ் ஏறி இருவரும் கொலன்னாவைக்குப் போய், ஷிப்ட் முடிந்து வெளியே வந்த சுனிலிடம் உறையைக் கொடுத்தோம். வாயிற்காவலரின் விளக்கு வெளிச்சத்தில் அதை வாசித்தார். திருப்பி முன்பக்கத்துப் படத்தைப் பார்த்தார். மறுபடியும் பின்பக்கம் வாசித்தார். “கமக் நே, மச்சான்” என்றார். பிறகு எனக்கும் தனியாக, “கமக் நே, நங்கி” என்றார். நங்கி என்றால் தங்கை. உன் அப்பா பையிலிருந்து மூல ஒலிநாடாவை எடுத்து, “அப்ப இதை நீ வைச்சிரு” என்று அவர் கையில் திணித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் அது.

கமக் நே என்பதைப் பரவாயில்லை என்று மொழிபெயர்ப்போம். நானும் அப்படித்தான் மொழிபெயர்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். நாற்பது ஆண்டுக் காலம் மொழிபெயர்த்துச் சாப்பிட்ட எனக்கு ஒரு விஷயம் ஓய்வு பெற்றபின்தான் உறைத்தது. அந்தச் சொல்லுக்குச் சிங்களத்திலும் எதிர்ச்சொல் இல்லை, தமிழிலும் இல்லை. வலிக்கவில்லை என்று சொல்ல ஆயத்தமான ஒரு சொல்லை இரண்டு மொழியும் வைத்திருக்கின்றன. வலிக்கிறது என்பதை அதே இலேசாகச் சொல்லிவிட்டுப் போக இரண்டிலும் வழியில்லை. அப்படிச் சொல்ல நினைப்பவன் நின்று, விளக்கி, சண்டைபிடித்து, நட்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். யாருக்கு அது ஏலும்? ஆகவே எல்லோரும் இருக்கிற சொல்லையே சொல்கிறார்கள். கேட்பவர்களும் வசதியாக அதை நம்பிவிடுகிறோம்.

மாமனார் உறையை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார். “முழுக்க இவனோ?” என்றார். “ஓம் மாமா” என்றேன். மூன்று மாதத்தில் கலியாணம். நீ பிறந்ததில் அந்த வரிக்கும் ஒரு பங்கு உண்டு. இதைச் சொல்வது உன் வாயை அடைப்பதற்காக அல்ல. நல்ல காரணம் இருந்த பிழையும் பிழைதான் என்று சொல்வதற்காக.

உன் அப்பாவை இதற்குப்பின் நீ எப்படி நினைக்கப்போகிறாய் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. நியாயமாக நினை. யாராவது இரண்டாம் பக்கத்தைப் புகழ்ந்தால் முதல் பத்து ஆண்டு திருத்தினார். அடுத்த பத்து ஆண்டு சிரித்துவிட்டு இருந்தார். அதன் பின் தாமே நம்பத் தொடங்கினார், நம்பியபடியே கண்ணை மூடினார். வயதானவர்களுக்கு நடப்பதுதான், எனக்கு வேறு விஷயங்களில் நடந்திருக்கும். இரண்டாவது தட்டு ஒன்று எங்களுக்கு வாய்க்கவில்லை. நீ பிறந்தாய், அவர் ஹோட்டல்களில் கலியாண விருந்துகளுக்குப் பைலா நடனப் பாட்டு வாசித்தார், நான் ஓர்கனை மூடிவைத்துவிட்டு, கொட்டாஞ்சேனைக் கோயிலில் ஓர்கனுக்கு ஆளில்லாத ஞாயிறுகளில் மட்டும் பூசைக்கு வாசித்தேன். பாதிரியார் என் மதத்தைக் கேட்கவில்லை. சுருதி சரியாக இருந்தால் அவருக்குப் போதும். அந்த வருடங்களில் முதல் பக்கத்தின் அந்த நான்கு நிமிடத்தை உன் அப்பா கேட்டவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவார். இரண்டாம் பக்கத்தைச் சுனில் இல்லாமல் அவர் தொட்டதேயில்லை. ஏன் என்று நீ ஒருமுறை கேட்டாய். உனக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். “கை வராது” என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒப்புதல் வாக்குமூலம் அவ்வளவுதான். சமையலறையிலிருந்து அதைக் கேட்டு, அது எதற்கென்று விளங்கிய ஒரே சாட்சி நான். அன்றும் வெளியே வரவில்லை.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் எங்கள் வீட்டோடு ஓர்கனும் எஞ்சியிருந்த தட்டுக்களும் போயின. நாடா கொலன்னாவையில் சுனில் வீட்டு அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. அதிலிருந்துதான் நீ இந்தப் புதிய தட்டைச் செய்கிறாய். அதற்காக உன் குறிப்பில் ஒரு பந்தி எழுதியிருக்கிறாய்: எங்கள் இசையைப் பாதுகாத்துத் தந்த உத்தம நண்பருக்கு நன்றி என்று. நல்ல தமிழ், நல்ல உணர்ச்சி. ஆனால் அவர் பாதுகாத்தது தன் இசையை. வீட்டுக்காரரைக் காவற்காரர் ஆக்கி, அவருக்கு நன்றியும் சொல்லியிருக்கிறாய். நன்றி சொல்வது சுலபம், மகன். சொல்கிறவரையும் அது கொஞ்சம் பெரிய மனிதராக்கிவிடும். பெயர் போடுவதில் அந்தச் சுகம் கிடையாது. அதனால்தான் உலகத்தில் நன்றிகள் இவ்வளவு மலிந்திருக்கின்றன. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: குறிப்பின் ஆங்கிலப் பகுதி உன் நடை அல்ல. உன் ஆங்கிலத்தில் அரைப்புள்ளியே வராது; அதில் பதினொரு அரைப்புள்ளி இருக்கிறது. அது என் மருமகள் எழுதியது. அவளிடம் கேட்டால் ‘பரவாயில்லை மாமி’ என்பாள். அவள் பெயரையும் போடு.

நேற்றுக் கொலன்னாவைக்குப் போனேன். முச்சக்கரவண்டிக்காரர் வழி தவறி இரண்டு முறை எண்ணெய்க் குதங்களைச் சுற்றினார். எனக்கும் என்ன சொல்வதென்று யோசிக்க அவகாசம் கிடைத்தது, பயன்படவில்லை. சுனிலின் மனைவி குசும் கதவைத் திறந்தார். சுனில் குளித்துக்கொண்டிருந்தார். உன் புதிய உறையை விரித்துக் குசுமுக்குக் காட்டினேன். அவர் அதிசயமாகப் பார்த்தார். எங்கள் பேச்சு சிங்களத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன்.

“இதுதானா அந்தத் தட்டின் உறை? நான் பார்த்ததேயில்லை, நங்கி.”

“உங்களிடம் தட்டு இருக்கிறதே?”

“தட்டு இருக்கிறது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனுசன் வெசாக் பண்டிகைக்கும் போடுவார், பிறந்தநாளுக்கும் போடுவார். இரண்டாம் பக்கம் மட்டும். ‘இது நான் செய்தது’ என்று பிள்ளைகளுக்கும் சொல்வார். உறையைக் கறையான் தின்றுவிட்டது என்றார். வேறொரு பாட்டுத் தட்டின் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார்.”

கறையான் தட்டை விட்டுவிட்டு உறையை மட்டும் தின்றிருக்கிறது. தன் பிள்ளைகளிடம் அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அந்த உண்மையைப் பொய்யாக்கும் தாள் அவர்கள் கண்ணில் படாமல் இருக்க, ஐம்பது வருடமாக அதை எங்கோ ஒளித்தோ எரித்தோ இருக்கிறார். நான் அடித்த தாள் அது. மகன், நான் எளிதில் அழுபவள் அல்ல என்பது உனக்குத் தெரியும், நேற்றும் அழவில்லை. குசும் தந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

சுனில் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். உறையைக் கண்டதும் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னை. அந்த வரி டைப்பிங் பிழை அல்ல, நான் வேண்டுமென்று செய்தது என்று சொன்னேன். ஏன் செய்தேன் என்றும் சொன்னேன்.

“கமக் நே, நங்கி. எவ்வளவு காலம் போச்சு.”

“தமிழில சொல்லுங்கோ, சுனில்.”

“ஏன்? உங்களுக்குச் சிங்களம் விளங்கும்தானே.”

“உங்கட பாஷையில நீங்க நல்லா ஒளிக்கிறீங்க. என்ட பாஷையில ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்.”

எங்களிடமே பொறுக்கிக்கொண்ட அவருடைய தமிழ் எப்போதும் அரைகுறை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பரவாயில்லை என்று தொடங்கினார். “பரவா...” என்று இழுத்து நிறுத்தினார். முழங்காலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, எந்தத் தமிழனும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“பரவா இருக்கு, நங்கி. கொஞ்சம் பரவா இருக்கு.”

வேறு யாராவது என்றால் திருத்தியிருப்பேன். அது என் தொழில். நேற்று அந்தப் பிழைக்கு என்னிடம் திருத்தம் இருக்கவில்லை.

ஆகவே இதுதான் நீ செய்யவேண்டியது. ‘இசை முழுவதும்’ என்ற வரியை எடு. முதல் பக்கம் உன் அப்பா. அது அவருக்குப் போதும், நான்கு நிமிடத்துக்காகவே போதும். இரண்டாம் பக்கம் சுனில். பேட்டியிலிருந்து அவர் பொய் சொன்ன இடத்தை வெட்டாதே; அதன் கீழே, அவர் அப்படிச் சொன்னது உன் தாய் வாயைத் திறக்காததால் என்று ஒரு குறிப்புப் போடு. பாதுகாத்தவர் என்ற நன்றிப் பந்தியை நீக்கு. இதனால் வெள்ளிக்கிழமை தவறி, தட்டு ஒரு மாதம் பிந்தினால் பிந்தட்டும். உனக்கு என்மேல் கோபம் வரும். வர வேண்டியதுதான். கோபத்தோடு வேலையைச் செய். நான் இங்கேதான் இருக்கிறேன், பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் மிச்சம். பெயர் எப்படிப் போடுவது என்று நீ கேட்பாய் என்று தெரிந்து, சுனிலிடம் முழுப்பெயரைக் கேட்டேன். ஐம்பது வருடம் பழகியும் எனக்கு அது தெரியாது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். நாங்கள் அவரைச் சுனில் என்றோம், அவரும் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். மின்சாரக் கட்டணத் துண்டின் பின்பக்கத்தில் எழுதினார். தகப்பன் வழி வந்தது, ஊரால் வந்தது, ஞானஸ்நானத்தில் வைப்பதுபோல் அவர்கள் பக்கத்தில் வைக்கும் பெயர் என்று ஐந்து சொல். முதலில் சிங்களத்தில், பிறகு கீழே ஆங்கில எழுத்தில், ஒவ்வொன்றும் தனித்தனியாக. எழுதி முடித்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இவ்வளவும் போடுவாங்களா? இடம் காணாட்டி சுனில் மட்டும் போடச் சொல்லுங்க.”

“இடம் காணாட்டி மகன் என்ட மனுசன்ட பேரைச் சின்னனாக்குவான்.”

“மச்சானுக்குக் கோவம் வரும்.”

“வரட்டும். அவருக்கு இனி என்ன வேலை?”

குசும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தத் துண்டைப் படமெடுத்து இந்தக் கடிதத்தோடு உனக்கு அனுப்பியிருக்கிறேன். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார். சஞ்சிகைக்குப் போகிற பிரதியில் அந்தப் பெயரை நான் எழுதவில்லை. அதை அச்சில் போடும் முதல் உரிமை அந்த உறைக்கு.

அம்மா